திருவொற்றியூர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மீன் தொட்டி: எந்தத் தண்ணீர், என்ன ஃபில்டர்?

கேள்வி: திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழத்தில் சிமென்ட் தொட்டி கட்டினோம். சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். மறுநாள் அந்தத் தண்ணீரையே தொட்டியில் நிரப்பி, ஒரு வாரத்தில் கொளத்தூரிலிருந்து கோய் என்கிற அழகு மீனில் இருபது குஞ்சு வாங்கி விட்டோம். மூன்றாம் நாளே பதினாறு செத்துவிட்டன. மீதி நான்கையும் பிளாஸ்டிக் டப்பில் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) 1,850 காட்டுகிறது. மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, அது 400. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரையும் ஏசி தண்ணீரையும் தொட்டிக்கு விடலாமா? லாரித் தண்ணீர் வாங்கலாமா? கடைக்காரர் யுவி விளக்கோடு பெரிய ஃபில்டர் செட் ஒன்றை வாங்கச் சொல்கிறார், வாங்கட்டுமா? பேரனுக்காகத்தான் கட்டினோம். அவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதே தொட்டியில் சமையலுக்கு ஜிலேபி மீனும் வளர்க்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் டப்பில் இருக்கும் அந்த நான்கு மீன்களைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம். டப்பில் ஒரு சின்ன ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். தினமும் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, வாய் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்க ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பின் காற்றைக் குமிழியாக விடும் கல்) போட்டு வைத்த மெட்ரோ வாட்டரை மெதுவாக ஊற்றுங்கள். தீனி இரண்டு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். பசியில் மீன் அவ்வளவு சீக்கிரம் சாகாது. தின்னாமல் மிஞ்சி அழுகும் தீனிதான் சின்ன டப்பில் எமன். டப்பின் மேல் வலை போட்டு வையுங்கள், கோய் நன்றாகத் துள்ளும்.

பதினாறு மீன் செத்ததற்கு நீங்கள் எழுதியதிலிருந்தே இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, புது சிமென்ட். பூச்சு காய்ந்து கெட்டியானாலும் அதிலிருந்து சுண்ணாம்பு பல வாரங்களுக்குத் தண்ணீரில் கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஹெச் அளவு பத்தைத் தாண்டிப் போகும். மீனின் செவுள் வெந்து, உடம்பில் வெள்ளையாகக் கோழை படியும். உள்சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுவழுவென்று இருந்து விரலில் வெள்ளையாக ஒட்டினால் சுண்ணாம்பு இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். இரண்டாவது, பிளீச்சிங் பவுடர். குடிக்கிற தண்ணீரில் நமக்கு ஒன்றும் செய்யாத குளோரின் அளவே மீனின் செவுளுக்கு அதிகம். புதிதாகப் பவுடர் போட்ட சம்ப் தண்ணீரில் அது பல மடங்கு இருந்திருக்கும். இந்த இரண்டையும் தாண்டிப் பிழைத்திருந்தாலும், கழிவை மாற்றும் பாக்டீரியா இன்னும் வளராத புதுத் தொட்டியில் இருபது குஞ்சின் கழிவு அடுத்த வாரம் அவற்றைக் கொன்றிருக்கும். மீன் கொடுத்த கடையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

தொட்டியை இடிக்கவோ உடைக்கவோ வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டு, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, நான்கைந்து நாள் ஊறவிடுங்கள். வடித்துவிட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். இதற்கு உங்கள் உப்பு போர் தண்ணீரே போதும், மெட்ரோ வாட்டரை வீணாக்காதீர்கள். வடிக்கிற தண்ணீர் செடிகளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்த பிறகு, நல்ல தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டு பிஹெச் பாருங்கள். 8.5-க்குக் கீழே வந்து அங்கேயே நின்றால் தொட்டி தயார். சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்க்கும் பிஹெச் கிட்டும் அம்மோனியா கிட்டும் கொளத்தூர் கடைகளிலேயே கிடைக்கும். எந்த மருந்தும் வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டையும் வாங்கிவிடுங்கள்.

சரி, இனி தண்ணீர். இங்கேதான் நீங்கள் நிதானமாக முடிவெடுக்க வேண்டும். வடசென்னையில் கிடைக்கும் தண்ணீரை முதலில் அளந்து, அதற்குத் தோதான மீனையும் எண்ணிக்கையையும் முடிவு செய்வதுதான் சரியான வரிசை. மீனை வாங்கிவிட்டு அதற்குத் தண்ணீர் தேடினால் காலம் முழுக்க மருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உங்கள் தொட்டிக்கு அடிப்படைத் தண்ணீராக மெட்ரோ வாட்டரை வைத்துக்கொள்ளுங்கள். 400 டிடிஎஸ் கோய்க்கும் தங்கமீனுக்கும் நல்ல அளவு. குளோரின் ஒன்றுதான் பிரச்சினை, அதற்கு வழி சுலபம். சம்ப்பிலிருந்து நேராகத் தொட்டிக்கு இழுக்காமல், நடுவில் 500 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்றை மீனுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து வலை மட்டும் கட்டி, உள்ளே ஏர் ஸ்டோன் போட்டு, ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும். மூடி போட்ட டேங்கிலோ சம்ப்பிலோ அது அவ்வளவு சீக்கிரம் போகாது. அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கேளுங்கள், ஹைப்போ தருவார்கள். 100 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டுக் கலக்கினால் குழாய்த் தண்ணீரின் குளோரினுக்குப் போதும். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீருக்கு இந்தக் கணக்கு செல்லாது. சம்ப் கழுவும் வாரத்தில் தொட்டிப் பக்கம் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகவே வேண்டாம். குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்து ஒன்று இருக்கிறது, தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இன்னும் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

போர் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டாம், ஆனால் அதை மட்டும் நம்பவும் வேண்டாம். மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடியில் கடல்நீர் ஏறியது எல்லோரும் அறிந்ததுதான். கடற்கரை ஓரமான உங்கள் பகுதியிலும் உப்பு கூடுவதும் குறைவதும் பருவத்தைப் பொறுத்தது. இன்று 1,850 காட்டும் போர், சித்திரை வைகாசியில் இன்னும் ஏறலாம், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் இறங்கலாம். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். மூன்று பங்கு மெட்ரோ வாட்டருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்தால் டிடிஎஸ் ஏறக்குறைய 760 வரும். அந்தக் கலவையில் தாது உப்பு இருப்பதால் பிஹெச் திடீரென்று விழாமல் நிற்கும், மீனுக்கும் நல்லது.

கலப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளை பக்கெட் ஒன்றில் போர் தண்ணீரைப் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்தது காலையில் மஞ்சள் கலந்து, அடியில் துரு நிறத்தில் தூள் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. அது செவுளில் படியும். அப்படியானால் ஒரு நாள் காற்று ஊதி, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். பக்கெட்டின் மேல் வானவில் நிறத்தில் ஆடை மாதிரி ஏதாவது படர்ந்திருந்தால், ஒரு ஈர்க்குச்சியால் அதைக் கிழித்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்பு பாக்டீரியாவின் படலம், பயமில்லை. கிழித்த இடத்தில் மறுபடி ஓடி வந்து ஒட்டிக்கொண்டால் அது எண்ணெய். மணலி, எண்ணூர் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் நிறைய இருப்பதால் இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறேன். எண்ணெய் என்றால் அந்தத் தண்ணீர் தொட்டிக்கும் வேண்டாம், உங்கள் வீட்டுப் புழக்கத்துக்கும் பரிசோதனை செய்யாமல் வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் ஒரு நாள் காற்று ஊதிய பிறகே பயன்படுத்துங்கள். நாற்றமே இல்லாத போர் தண்ணீரிலும் ஆக்சிஜன் மிகக் குறைவு, நேராக ஹோஸ் வைத்துத் தொட்டியில் விடக் கூடாது.

மழைத் தண்ணீர் அருமையான தண்ணீர். உங்கள் வீட்டில் மழைநீர்க் குழாய் இருக்கும், அதிலிருந்து ஒரு கிளை எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மழையை மொட்டை மாடியைக் கழுவ விட்டுவிடுங்கள், அவ்வளவு தூசியும் கரியும் அங்கே படிந்திருக்கும். பிறகு பிடிப்பதை மற்றத் தண்ணீரோடு கலந்தே விடுங்கள். வெறும் மழைத் தண்ணீரில் தாது இல்லை, பிஹெச் நிலையாக நிற்காது. ஏசி தண்ணீரும் அப்படித்தான், கூடவே செம்புக் குழாயின் சுவடும் அதில் வரலாம். செம்பு மீனுக்கு விஷம். அது வேண்டாம். ஆர்ஓ வெளியேற்றும் தண்ணீர், உள்ளே போன உப்பையெல்லாம் சேர்த்துத் தள்ளுகிற தண்ணீர், அதுவும் வேண்டாம். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தனியார் லாரித் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கிணற்றிலிருந்து வரும், மீனுக்கு அந்த மாற்றமே தாங்காது.

ஆவியாகிற தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் தொட்டியின் பரப்புக்குக் கோடையில் நாளைக்கு ஏறக்குறைய 25 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். அந்தக் குறையைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் தொட்டித் தண்ணீரின் உப்பு மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே குறைந்ததை நிரப்ப மெட்ரோ வாட்டரோ மழைத் தண்ணீரோ மட்டும்தான். தண்ணீர் மாற்றுவது வேறு வேலை: வாரம் ஒருமுறை அடியிலிருந்து 300 லிட்டரை வடித்துவிட்டு, தயாராக வைத்த கலவையை விட வேண்டும். வடித்த தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் நல்ல உரம்.

ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தொட்டியில் இரண்டரை அடி தண்ணீர் நின்றால் கொள்ளளவு சுமார் 2,800 லிட்டர். இதற்கு அந்தப் பெரிய செட் தேவையில்லை. யுவி விளக்கு முக்கியமாகத் தண்ணீரைப் பச்சையாக்கும் பாசியைக் கொல்லத்தான். மீனைக் கொல்வது பாசி இல்லை, அம்மோனியா. மீன் மூச்சு விடும்போதும் கழிவு போடும்போதும் வருவது அது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியா ஒட்டி வளர இடமும், அதற்கு ஓயாமல் ஆக்சிஜன் உள்ள தண்ணீரும் கொடுப்பதுதான் ஃபில்டரின் முக்கிய வேலை. நம் ஊர் வெப்பத்தில் இதற்கு அவசரம் அதிகம்: 30 டிகிரித் தண்ணீரில் பிஹெச் 7 என்றால் அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 8.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு விஷமாகிவிடும். புது சிமென்ட் தொட்டியை அவ்வளவு வலியுறுத்தி ஊறவைத்துக் கழுவச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

200 லிட்டர் நீல டிரம் இரண்டு வாங்குங்கள். பழைய டிரம் கடையில் அதில் முன்பு என்ன வந்தது என்று கேட்டு வாங்க வேண்டும். எண்ணெய், ஊறுகாய், சர்பத் மாதிரி சாப்பாட்டுப் பொருள் வந்த டிரம்மாக இருக்கட்டும், ரசாயனம் வந்தது எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். முதல் டிரம் கசடு படிவதற்கு. தண்ணீர் ஓரமாக உள்ளே வந்து மெதுவாகச் சுழன்று, கழிவு அடியில் இறங்க, மேலே வருவது ஸ்பாஞ்ச் வழியாக இரண்டாவது டிரம்முக்குப் போகட்டும். இரண்டாவதில் தண்ணீர் அடியில் நுழைந்து மேலே ஏற வேண்டும். அங்கே பாக்டீரியா ஒட்டி வளர பீங்கான் வளையமோ பயோ பால் என்கிற பிளாஸ்டிக் உருண்டையோ போடலாம், வலைப்பையில் கட்டிய கருங்கல் ஜல்லியும் வேலை செய்யும், கனம்தான் கூடுதல். இரண்டு டிரம்மின் அடியிலும் வால்வு வையுங்கள். வாரம் ஒருமுறை முதல் டிரம்மின் வால்வைத் திறந்து கசடை வெளியேற்றினால் போதும். இரண்டாவதைத் தேய்த்துக் கழுவவே கூடாது. அடைத்துக்கொண்டால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் வளர்த்த பாக்டீரியா அத்தனையும் குளோரினில் செத்துவிடும். ஃபில்டரைப் பளிச்சென்று கழுவிய மூன்றாம் நாள் மீன் சாவது நான் அடிக்கடி கேட்கிற கதை.

மோட்டார், மணிக்கு 3,000 லிட்டர் என்று எழுதியதை எடுங்கள். டிரம் உயரத்துக்கு ஏற்றும்போது அதில் பாதிதான் வரும், அப்போதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் முழுக்க ஃபில்டரைச் சுற்றி வந்துவிடும். 50 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் ஒன்றேகால் யூனிட்டுக்குள், இரண்டு மாத பில்லில் 70 யூனிட் சொச்சம் கூடும். இரவில் நிறுத்தி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஆக்சிஜன் மிகக் குறைவது விடியற்காலையில்தான். கரன்ட் சில மணி நேரம் போய்த் திரும்பி வந்தால், இரண்டாவது டிரம்மில் தேங்கிய தண்ணீரை வால்வு வழியாகக் கொட்டிவிட்டுப் பிறகு மோட்டாரைப் போடுங்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து கெட்டுப்போன தண்ணீர் அது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். மோட்டார் இணைப்புக்குக் கசிவு வந்தால் தானே அணையும் சர்க்யூட் பிரேக்கரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி முதல் நாளே போடச் சொல்லுங்கள், தொட்டிமேல் கம்பி வலைச் சட்டமும் வையுங்கள். பேரன் கைவிடுகிற இடம் அது, இதில் சமரசம் வேண்டாம்.

யுவிக்குப் பதில் நிழல் கொடுங்கள். பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை கட்டினால் பாசி அடங்கும், தண்ணீரும் கொதிக்காது. ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பும் வழியில் ஒரு அகலமான தொட்டியில் ஜல்லி போட்டு கல்வாழை நட்டால், நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கவும் செய்யும்.

பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்களிடம் ஒரு அழுக்கு ஸ்பாஞ்ச் வாங்கி இரண்டாவது டிரம்மில் போடுங்கள், நாள் குறையும். தொட்டி தயாரானதும் டப்பிலிருக்கும் நான்கு கோயை மட்டும் விட்டு, கொஞ்சமாகத் தீனி போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை அம்மோனியா பாருங்கள். ஏறினால் தீனியை நிறுத்தி, தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட்டும் ஏறி இறங்கி இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் புது மீன்.

எத்தனை மீன் என்பதில் உங்களுக்கு வருத்தம் வரும், இருந்தாலும் சொல்ல வேண்டும். கோய் விரல் நீளத்தில் விற்கப்படுகிறது, நன்றாக வளர்த்தால் இரண்டடி வரை போகும். 2,800 லிட்டரில் பிழைத்த அந்த நான்கே கொஞ்சம் அதிகம்தான். பேரனுக்குக் கூட்டமாக நீந்தும் மீன்தான் பிடிக்கும் என்றால், அந்த நான்கு வளர்ந்ததும் பெரிய குளம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு தங்கமீன் வையுங்கள். அதைவிட எனக்கு உங்கள் வீட்டுக்குப் பிடித்தது மோலியும் கப்பியும். கடினமான, லேசாக உப்புள்ள தண்ணீர் அவற்றுக்குச் சொந்த ஊர் மாதிரி, குட்டி போட்டுப் பெருகும், கொசுப் புழுவையும் தின்னும். 2019 கோடையில் புழல் ஏரி ஏறக்குறைய வறண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு கோடை மறுபடி வந்து குழாயில் தண்ணீர் நின்றால், போர் தண்ணீரின் பங்கைக் கூட்டினாலும் மோலி தாங்கும், இருபது கோய் தாங்காது. எது பெருகினாலும் ஏரியிலோ கால்வாயிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். சுவரைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள், வாங்க வேண்டாம். இப்படி வீடுகளிலிருந்து விடப்பட்டுத்தான் அது நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் பார்த்து, தொட்டியின் விளிம்பை அதற்கு மேலே உயர்த்துங்கள். நிரம்பி வழிய ஒரு குழாயும் அதன் வாயில் வலையும் வேண்டும். அடுத்தது கொசுப் புகை. அந்த மருந்து மீனுக்குக் கடும் விஷம். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் தொட்டிமேல் தார்ப்பாய் போட்டு, ஏர் பம்ப் வெளிக்காற்றை இழுக்காதபடி அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும். தண்ணீரிலோ மீனிலோ பிடிபடாத சந்தேகம் வந்தால் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது, உங்களுக்கு அதிக தூரமில்லை, நேரில் போய் விசாரியுங்கள்.

ஜிலேபி மீன் கேட்டிருந்தீர்கள். அழகு மீன் தொட்டியில் சேர்க்க வேண்டாம். அது முட்டையிட்டுப் பெருகி மற்ற மீன்களின் தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதோடு, அழகு மீனுக்குப் போடும் மருந்துகளில் சில, சாப்பிடுகிற மீனுக்குப் போடவே கூடாதவை. உங்களுக்கு ஆசை இருந்தால் சம்ப் பக்கத்தில் தனியாக ஒரு தொட்டி, அதற்குத் தனி வலை, தனி வாளி என்று வைத்து, போர் தண்ணீரிலேயே ஆறேழு விட்டுப் பாருங்கள். 1,850 டிடிஎஸ் ஜிலேபிக்கு ஒரு பொருட்டே இல்லை. பக்கெட் சோதனையில் எண்ணெய் தெரிந்திருந்தால் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.